ஆள்காட்டி விரலுக்கு ஓர் உறை

பூங்கொடியை டிசைன் ரூமுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, பிரிண்டர் தட்டிலிருந்து அந்த விரல் உறையைப் பெயர்த்து எடுத்தேன்.

இன்னும் சூடாக இருந்தது.

பிரஸ் ஷாப்பில் இருபத்திரண்டு வருட சூப்பர்வைசர் நான். கம்பெனியில் த்ரீடி பிரிண்டர் வாங்கியதும், கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொள் என்று என்னையும் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். முதல் பயிற்சிக்கு அவரவர் இஷ்டப்படி எதையாவது செய்யலாம். மற்றவர்கள் கீசெயின் செய்தார்கள்.

நான் பூங்கொடியின் வலது ஆள்காட்டி விரலுக்கு நுனி செய்தேன். யாருக்கு என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

வட்டம் போட்டு எக்ஸ்ட்ரூட் என்ற கட்டளை கொடுத்தால் அது தூணாக எழும்பி நிற்கும். அதன் தலையில் சின்ன வட்டம் போட்டு, அதே எக்ஸ்ட்ரூட்டால் வெட்டினால் குழி விழும். கேட்பதற்கு எளிது. முதல் நாள் ஆழம் கொடுக்க மறந்து வெட்டியதில் மோதிரம்தான் வந்தது. மறுநாள் விரல் அளவு எதுவோ அதே அளவுக்குக் குழி வெட்டினேன். இரும்பில் பழகிய புத்தி.

“பிளாஸ்டிக்ல ஓட்டை சுருங்கித்தாங்கண்ணா வரும். அரை மில்லி கூட்டிப் போடுங்க” என்று சிரித்தாள், சொல்லிக்கொடுக்கும் வினோதா. என் மகள் வயது. அவள் சிரித்தது எனக்கு வலிக்கவே இல்லை. வெட்கப்பட எனக்கு வேறு காரணம் இருந்தது.

இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அமுக்கினால்தான் தகடு வெட்டும் பிரஸ் இறங்கும். கை உள்ளே போய்விடக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. ஆறு மாதத்துக்கு முன், வேகம் போதவில்லை என்று ஒரு பொத்தானை அமுக்கி டேப் ஒட்டியவன் நான். மெஷினில் நின்றவள் பூங்கொடி. ‘தொழிலாளியின் கவனக்குறைவு. ஆள்காட்டி விரலில் ஒரு கணு துண்டிப்பு’ என்று ரிப்போர்ட் எழுதியவனும் நான்தான்.

ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. மத்திகிரியில் அவள் வீட்டைத் தாண்டித்தான் தினமும் என் பஸ் போகும். அந்த ஸ்டாப் வந்தால் போனை எடுத்துக் குனிந்துகொள்வேன். போன வாரம் பேக்கிங்கில் திரும்பச் சேர்ந்தாள். அந்தப் பக்கமே நான் நடக்கவில்லை. அளவைக்கூட என் மனைவி மாதேஸ்வரியின் விரலில் வெர்னியர் வைத்துத்தான் எடுத்தேன்.

இதைக் கொடுக்கும்போதாவது மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரும் என்று நினைத்தேன்.

பூங்கொடி வந்து நின்றாள். வலது கை ஓவர்கோட்டுப் பைக்குள் இருந்தது.

“உனக்குத்தாம்மா. போட்டுப் பாரு” என்று நீட்டினேன்.

அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை வெளியே எடுத்தாள்.

ஆள்காட்டி விரல் அடியோடு இல்லை. பக்கத்து விரலும் இல்லை.

“சீழ் வெச்சுப்போச்சுன்னு ரெண்டையும் எடுத்துட்டாங்க சார். உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?”

நான் யாரையும் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த வினோதா தலைகுனிந்துகொண்டாள். அவளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

பூங்கொடி என் முகத்தைப் பார்த்துவிட்டாள் போல. உறையை வாங்கி, இடது கையின் நல்ல விரலில் மாட்டிக்கொண்டாள்.

“அளவு சரியாத்தாங்க சார் இருக்குது.”