உச்சிக் கல்

இடது பாக்கெட்டைக் கல்லுக்காகவே காலியாக வைத்திருந்தான் எர்வின். மற்ற பாக்கெட்டுகளில் மூச்சு வாங்காமலிருக்க மெல்லும் கோக்கா இலையும் மிட்டாயும் நிறைந்திருந்தன. இதில் மட்டும் நைதா பின்னிக் கொடுத்த சின்னக் கம்பளிப் பை, கல் பத்திரமாக வந்து சேர.

இப்போது அந்தப் பாக்கெட் பனிச்சரிவில் அழுந்திக் கிடந்தது. அவனும்தான். இரும்பு முள் மாட்டிய பூட்ஸ் வழுக்கி, இரண்டு ஆள் உயரம் சறுக்கியிருந்தான். இடுப்பில் கட்டிய கயிறு விறைத்து அவனைப் பிடித்திருந்தது.

"கோடரியைப் பனியில குத்து," என்றார் கயிற்றின் மறுமுனையில் நின்ற வழிகாட்டி பாசிலியோ. "குத்திட்டு மூச்சு விடு. அழறதுன்னா அப்புறமா அழலாம்."

"அழலைண்ணே. மூக்கு ஒழுகுது."

"எந்த ஊரு நீ? சாந்தா குரூஸா?"

"ஆமா."

"அதான். உங்க ஊருல மேடுன்னா ரோட்டுல போட்ட வேகத்தடைதானே."

எர்வினுக்குச் சிரிக்க மூச்சு இல்லை. இதற்கு முன் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் தவிர வேறெங்கும் அவன் பனியைப் பார்த்ததில்லை.

எல்லாம் நைதாவின் அப்பா தோன் செவேரோவால் வந்தது. எல் ஆல்ட்டோ நகரத்தில் அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு கல் இருந்தது. வழவழப்பான உருண்டைக் கல், அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் 1987. இதே வாய்னா போத்தோசி மலையின் உச்சியில் தன் கையாலேயே பொறுக்கியது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் மனைவி இலாரியா வாரம் தவறாமல் அதைத் துடைத்து வைப்பாள். அந்தக் கல்லைப் பார்த்துத்தான் தன் அப்பா பெண் கொடுத்தார் என்பாள்.

நைதாவைக் கேட்டு எர்வின் போனபோதும் அவர் அந்த அலமாரியைத்தான் காட்டினார். "மூணு மாடி ஏறினா உனக்கு மூச்சு வாங்குது. உனக்கு எப்படிப்பா பொண்ணு கொடுக்கறது? போய் உச்சியிலேர்ந்து ஒரு கல்லு எடுத்துட்டு வா. அப்புறம் பேசலாம்."

"எடுத்துட்டு வரலைன்னா?"

"பஸ் ஸ்டாண்டுக்கு வழி தெரியும்ல?"

எர்வின் கோடரியைக் குத்தி எழுந்தான். கிழக்கே வெளுத்துவிட்டிருந்தது. பாசிலியோ கடிகாரத்தைப் பார்த்தார்.

"வெயில் ஏறினா பனி இளகிடும். ஏழரைக்குள்ள உச்சி வரலைன்னா இறக்கிடுவேன். அழுதாலும் சரி, மூக்கு ஒழுகினாலும் சரி."

"இவ்வளவு பனியா இருக்கும்னு நினைக்கலைண்ணே."

"இதுவா? இப்ப உருகிப்போய்க் கிடக்கு. எங்கப்பா ஏறின காலத்துல இதைப்போல ரெண்டு பங்கு."

கடைசி முகடு ஒரு சுவரின் அகலம்தான் இருந்தது. இரண்டு பக்கமும் சரிவு, கீழே மேகம். பத்து அடி வைத்து நின்றான், பிறகு ஐந்து, பிறகு ஒவ்வோர் அடிக்கும் நின்றான். பாதி வழியில் வாந்தி எடுத்தான். திரும்பிவிடலாமா என்று பாசிலியோ கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். கால் பூட்ஸுக்குள் இருக்கிறதா என்பதே தெரியவில்லை.

மணி ஏழு இருபத்தெட்டு ஆனபோது, மேலே ஏற இனி இடமில்லாமல் போயிற்று.

பாசிலியோ அவன் முதுகில் தட்டினார், அவன் செல்போனில் படம் எடுத்தார். எர்வின் மண்டியிட்டுப் பனியைத் தோண்ட ஆரம்பித்தான். முழங்கை ஆழம் போனதும் கோடரி கெட்டிப் பனியில் பட்டுத் தெறித்தது.

"என்ன தேடற?"

"கல்லுண்ணே. உச்சியிலேர்ந்து ஒரு கல்லு எடுத்துட்டுப் போகணும். கல்யாணத்துக்கு."

பாசிலியோ பூட்ஸால் பனியைத் தட்டிக் காட்டினார். "இங்க கல்லுக்கு நான் எங்க போறது? கீழே முகாம்ல கிடக்கு ஆயிரம். ஒண்ணை எடுத்துப் போட்டுக்க. யாருக்குத் தெரியப்போவுது?"

முகாமில் கறுப்பாக, முனை கூர்மையாக ஒன்றை எடுத்து இடது பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் மதியம் உதடு வெடித்து, மூக்குத் தோல் உரிந்து, அலமாரிக்கு எதிரே நின்றான். அடுக்களையில் இலாரியா சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கதவோரம் நைதா நின்றாள்.

தோன் செவேரோ செல்போன் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடியும் பார்த்தார். "ஏறிட்டியே," என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. "கல்லு எங்க?"

பாக்கெட்டுக்குள் விரல்கள் கல்லைப் பற்றின. எர்வின் நைதாவைப் பார்த்தான். கல்லை விட்டுவிட்டு வெறுங்கையை வெளியே எடுத்தான்.

"கொண்டு வரலைங்கய்யா."

அவர் முகம் மலர்ந்தது. "இலாரியா, சூப்புல ஒரு தட்டு குறைச்சுக்க. தம்பிக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

நைதா தலையைக் குனிந்துகொண்டாள். எங்கே தப்பு செய்தோம் என்றாவது தெரிந்துகொண்டு போகலாம் என்று எர்வினுக்குத் தோன்றியது.

"முழங்கை ஆழம் தோண்டிப் பார்த்தேங்கய்யா. மேல ஒரே பனி, கல்லுங்கறதே கிடையாது. அந்தக் காலத்துல இதைப்போல ரெண்டு பங்கு பனியாம். நீங்க மட்டும் எந்த இடத்துல..."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

தோன் செவேரோ அலமாரியைப் பார்த்தார், அடுக்களைப் பக்கம் பார்த்தார். பிறகு எழுந்து, தன் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, மாப்பிள்ளை."