அரை வாட்

சுவிட்சைப் போட்டான்.

ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வுகள் சூடாக ஒரு நிமிடம் ஆகும். அதுவரை சத்தம் வராது.

மாமனார் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் தாரணியின் துணிகள், இரண்டு பைகளில். அவளுடைய சான்றிதழ்கள் மடியில். மகளின் பொருட்களை எடுத்துப் போக வந்தவர். சற்று முன் மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்ப எழுந்தும்விட்டார். மேசை மேல் இருந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்ததும் நின்றார்.

"இதுதானுங்களா அது?"

"ஆமாங்க மாமா."

"ஒருக்கா போடுங்க மாப்ள. அன்னிக்கு எவ்வளவு சத்தம் வெச்சிருந்தீங்களோ, அவ்வளவே வைங்க."

குரலில் சந்தேகம் இல்லை. இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

எழுபது நாளாக அவர்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மயானத்தில். பதினாறாம் நாள் பந்தியில். "பொண்டாட்டி சாகறப்ப பாட்டுக் கேட்டுட்டு உக்காந்திருந்தவன்தானே நீ" என்று சட்டையைப் பிடித்த மச்சினனிடம்.

"உடுடா. பாட்டுப் பொட்டி சத்தமா ஓடிட்டு இருந்துருக்குது. புள்ள பாத்ரூம்ல உளுந்து கூப்பிட்டது மாப்ளைக்குக் கேக்குல. அவரு என்ன பண்ணுவாரு?"

அதை முதலில் சொன்னவன் அவன். ஆஸ்பத்திரி வராந்தாவில். யாரும் எதையும் கேட்பதற்கு முன்பே.

அந்த ஆம்ப்ளிஃபயர் வெறும் அரை வாட் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

பார்த்தால் தெரியாது. தூக்க இரண்டு கை வேண்டும். செங்கல் கனத்தில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள். எட்டு மாதம் உட்கார்ந்து அவனே சால்டர் வைத்துச் செய்தது. சின்ன சக்திக்கென்றே செய்த ஸ்பீக்கர்கள் வேண்டும். வாங்கவில்லை. பழைய ஸ்பீக்கர்களையே மாட்டியிருந்தான்.

முதல் நாள் தாரணி ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தாள்.

"எட்டு மாசம் பண்ணுனது இதுக்குத்தானுங்களா? எங்கூருக் கொசு இதைவிட நல்லாப் பாடுமுங்க."

தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

வால்வுகளுக்குள் சிவப்பு ஏறியது.

பின்பக்கம் ஸ்பீக்கர் வயர்கள். இரண்டே திருகுகள். கழற்றிவிட்டு வால்யூமைக் கூட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். அதன் பிறகு இதன் சத்தம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்க முடியாது. எழுபது நாளில் எத்தனையோ முறை அந்தத் திருகைத் தொட்டிருக்கிறான்.

இப்போதும் தொட்டான்.

எட்டு மாதம்.

கையை எடுத்துக்கொண்டான்.

இசைத்தட்டை வைத்தான். வயலின். அன்றைக்கும் அதுதான். வால்யூமைக் கடைசி வரை திருப்பினான். அன்றைக்குப் பாதியில் இருந்தது.

முதல் இழுப்பிலேயே மாமனாரின் கண்கள் நிறைந்துவிட்டன. எழுந்து பாத்ரூமுக்குப் போனார். குழாய் திறப்பது கேட்டது. மூடுவது கேட்டது.

"மாப்ள, துண்டு இருக்குதுங்களா?"

கத்தவில்லை. பக்கத்து அறையில் இருப்பவரிடம் பேசுகிற குரல்.

அன்றைக்கும் துண்டுக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தான். தினமும் மறப்பாள். இரண்டாம் முறை கூப்பிட்டபோது எரிச்சல் வந்தது. தட்டின் இந்தப் பக்கம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் முறை கூப்பிடவில்லை.

"மாப்ள..."

அவன் அசையவில்லை. சுற்றுகிற தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நீர் சொட்டும் முகத்தோடு மாமனார் வந்தார். வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார்.

"கூப்பிட்டனுங்க. கேக்குலீங்களா?"

"இல்லீங்க மாமா."

தலையாட்டினார். நாற்காலியை இழுத்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கண்களை மூடித் தலையை அதன் பக்கம் சாய்த்தார். மகள் கடைசியாகக் கேட்ட பாட்டு.



இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்.

"காதுலயே உளுக மாட்டீங்குது மாப்ள. ஃபேன் சத்தம்."

எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார்.

இறக்கைகள் மெதுவாக ஓய்ந்தன. வயலின் இப்போது தெளிவாகக் கேட்டது.

அவர் திரும்பி வரவில்லை. சுவிட்சின் மேல் வைத்த கையை எடுக்காமல், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.