உட்காரச் சொல்லாத வீடு

“அந்தக் காம்பராவுக்கு மட்டும் வேணாம் சேர்” என்றான், ஓட்டுக் கேட்கக் கூட வந்த ஜீவராஜ். “அது அழகன் வீடு. நீங்க கோட்டுல இருக்கும்போது ஆறு மாசம் உள்ள போட்டீங்களே, அந்த ஆளு.”

சோலைமலைக்கு நினைவு வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் நீதவானாகக் குப்பை கொட்டியவர், எத்தனை அழகன்களைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்?

பென்ஷனை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டில் கிடந்திருக்கலாம். ‘தோட்டத்து லயத்துல பொறந்து ஜட்ஜா வந்தவரு, நீங்க நின்னா வட்டாரமே ஒங்க பக்கம்’ என்று நாலு பேர் உசுப்பேற்றியதில் பிரதேச சபைத் தேர்தலில் இறங்கிவிட்டார். முன்பெல்லாம் அவர் உள்ளே வந்தால் நீதிமன்றமே எழுந்து நிற்கும். இப்போது அவர் வாசல் வாசலாக நிற்கிறார். மலை ஏறி இறங்கியதில் முழங்கால் இரண்டும் விண் விண்ணென்று தெறித்தன.

நடையோடு விட்டாலும் பரவாயில்லை. விடிந்தால் போதும், போன் கோல்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை, பாதையில் லைட் எரியவில்லை, நம்ம ஆளைப் பொலிஸில் பிடித்து வைத்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கள். முடியாது என்றால் ஒரு லயமே கைவிட்டுப் போகும். யார், என்ன என்று விசாரிக்கவும் அலுப்பு. இன்று காலையும் எல்லோருக்கும் சரி சரி என்று சொல்லி, பொலிஸுக்கும் ஒரு கோல் போட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

“கோபம் இருந்தா திட்டட்டும், வா” என்று படியேறினார்.

அழகனின் மனைவி ராசம்மா வாசலிலேயே குனிந்து, உர பேக் ஒன்றில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, “வாங்க ஐயா” என்றாள். அவ்வளவுதான். மறுபடியும் குனிந்துகொண்டாள்.

லயத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கதிரையை இழுத்துப் போடுவார்கள். பக்கத்து வீட்டில் சீனி கேட்டு வாங்கியாவது தேத்தண்ணி வரும். இங்கே இரண்டையும் காணோம்.

ஜீவராஜுக்குப் பொறுக்கவில்லை.

“என்னாக்கா இது? இவ்வளவு பெரிய மனுசன் வந்து வாசல்ல நிக்கிறாரு. உக்காருங்கன்னு ஒரு வார்த்தை வரமாட்டேங்குதே ஒங்க வாயில?”

“நீ சும்மா இரு தம்பி” என்ற சோலைமலை அவள் பக்கம் திரும்பினார். “அம்மா, ஒங்க வீட்டுக்காரர ஜெயிலுக்கு அனுப்புனது நான்தான். மனசுல இருக்கிறதச் சொல்லிருங்க. ஓட்டுக்காகக் கேக்கல.”

அது பொய் என்று அவருக்கே தெரியும்.

“கோவமா? ஒங்க மேலயா?” ராசம்மாவின் கை நின்றது. “அன்னைக்கு கோட்டுல நான் வாயே தொறக்கல ஐயா. அவ்வளவு பயம். நீங்கதான் ஏன் கைய மறைக்கிறீங்கன்னு கேட்டீங்க. அவரு சூடு வச்ச காயத்தப் பாத்துட்டு, அப்புறம்தான் அவர உள்ள போட்டீங்க.”

இப்போது நினைவு வந்தது. சேலைத் தலைப்புக்குள் கையை ஒளித்துக்கொண்டு நின்ற பெண்.

“அந்த ஆறு மாசம் நானும் புள்ளைகளும் பயமில்லாம தூங்கினோம். ஒங்க நோட்டீஸ் வந்தன்னைக்கே இந்த லயத்துப் பொம்பளைங்க கிட்ட எல்லாம் சொல்லிட்டேன், போட்டா இவருக்குத்தான் போடணும்னு.”

இத்தனை வருஷ உத்தியோகத்தில், கொடுத்த தண்டனைக்காக ஒருவர் நன்றி சொல்லிச் சோலைமலை கேட்டதே இல்லை. முழங்கால் வலிகூடக் கொஞ்சம் குறைந்தாற்போல் இருந்தது.

“அப்படின்னா சேர உக்காரச் சொல்றதுதானே?” ஜீவராஜ் விடுவதாக இல்லை.

ராசம்மா பேக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். உள்ளே போய்ச் சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“நேத்து ராத்திரி மறுபடியும் அடிச்சாரு. பொலிஸ்காரங்க வந்து புடிச்சிட்டுப் போனாங்க. இன்னைக்குக் காலையில ஐயா கோல் எடுத்துச் சொன்னீங்களாம், விட்டுட்டாங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை. அலுப்புதான் இருந்தது.

“டவுன்ல குடிச்சிக்கிட்டு இருக்காராம். பஸ் புடிச்சி வர்றதுக்குள்ள நாங்க ராகலையில அக்கா வீட்டுக்குப் போயிறணும். கொஞ்சம் வழி விடுங்க ஐயா.”