சாலமன் எழுதிய கேம்

செக்காலை கம்ப்யூட்டர் சென்டரில் அம்மா பிளாப்பியை நீட்டினாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"எம்மகன் சாலமன் மெட்ராசுல படிச்சு, அவனே எழுதுன கேம் தம்பி. பொண்ணு வீட்டுக்காரக நாளைக்கு இதைப் பாக்க வாராக."

சென்டர்காரர் சேதுபதி என்னென்னவோ தட்டிப் பார்த்தார்.

"பழசும்மா. புது விண்டோஸ்ல ஓடலை."

"அவன் படிக்கணும்னுதான் தங்கச்சி இவ படிப்பையே எட்டாவதோட நிறுத்துனோம். எப்படியாச்சும் ஓட வச்சுக் குடுப்பா."

"ஓடாதும்மா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனாள்.

"பாப்பா, இங்குட்டு வா" என்று சேதுபதி என்னைக் கூப்பிட்டார்.

அவர் ஒரு பட்டனைத் தட்டினார். கேம் ஓடியது. முதல் திரையில் ஏதோ அமெரிக்கக் கம்பெனியின் பெயர், கீழே 1984 என்று இருந்தது. எனக்கே வாசிக்க முடிந்தது. அந்த வருஷம் அண்ணன் ஐந்தாம் வகுப்பு.

"மொத தடவையே ஓடிருச்சு. இதைப் பாத்துட்டுத்தான் ஓடலைன்னேன். அம்மாட்ட என்னன்னு சொல்றது?"

"ஓடலைன்னே இருக்கட்டும்ண்ணே" என்றேன்.