கூண்டு பார்க்க வந்தவள்

“இந்தக் கூண்டுலயா? தப்பா நெனைக்காத தம்பி. இதுல என் முயல வுட மாட்டேன்.”

இடுப்புக் கூடையை இறக்காமலே சொன்னாள் அமிர்தம். சிதம்பரத்தில் பஸ் ஏறி, கடலூர் முதுநகரில் இறங்கி, கத்திரி வெயிலில் நடந்து வந்தவள். அறிவழகனின் அம்மா தில்லையம்மாள் நீட்டிய தண்ணீரைக்கூட “அப்புறம் குடிக்கறேன்க்கா” என்று தள்ளிவிட்டு, நேராகக் கொல்லைக்குப் போய்க் கூண்டைத்தான் பார்த்தாள்.

அறிவழகனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஜோடியாக வளர்த்த இரண்டு பெட்டை முயல்களில் ஒன்று செத்துப் பத்து நாளாகிறது. அன்றிலிருந்து மற்றது சரியாகத் தின்பதில்லை, மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கிறது. துணை கிடைக்காவிட்டால் இதுவும் போய்விடும் என்ற பயத்தில், பார்ப்பவர்களிடமெல்லாம் முயல் கேட்டு வைத்திருந்தான். “விக்கறதுக்கு இல்ல. எடம் புடிச்சா சும்மாவே தரேன்” என்று, யார் மூலமோ கேள்விப்பட்டு இந்தம்மாள் வந்தாள். இப்போது இடம் பிடிக்கவில்லையாம்.

“என்ன கொறைன்னு சொல்லுங்கம்மா. இப்பவே சரி பண்றேன்.”

“மேல தகரம் போட்டிருக்க. இந்த வெயில்ல உள்ள இருக்கறது வெந்து பூடாதா?”

அவன் உடனே தகரத்தைப் பிரித்து எறிந்தான். பக்கத்து வீட்டில் நாலு தென்னங்கீற்று கேட்டு வாங்கி வந்து வேய்ந்தான். கூண்டையே வேப்பமரத்து நிழலுக்கு இழுத்து, அதன் கால்களுக்கடியில் இருந்த தண்ணீர்க் கொட்டாங்குச்சிகளையும் மறுபடி எடுத்து வைத்தான். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

“காலுக்கெல்லாம் கொட்டாங்குச்சில தண்ணி வெச்சிருக்கியே, எறும்புக்கா? அது சரி. ஆனா கீழ பூரா கம்பி வலையா இருக்கு. நாள் பூரா கம்பி மேல நின்னா பாதம் புண்ணாவும்.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள்தான் அறிவழகன். இந்தம்மாள் அவனுக்கும் மேலே இருந்தாள். அவன் உள்ளே போய் ஒரு பலகையோடு வந்தான்.

“டேய், அது அரிசி மூட்டைக்கு அடியில போட்டதுடா!” என்று தில்லையம்மாள் கத்தினாள்.

“ஒனக்கு நாளைக்கு வேற வாங்கியாறேம்மா. இது காலு வெக்க எடமில்லாம நிக்குது பாரு.”

தில்லையம்மாள் முணுமுணுத்தபடியே பலகையை வாங்கி, முந்தானையால் துடைத்து, கூண்டுக்குள் பாதி இடத்துக்குப் போட்டுக் கொடுத்தாள்.

“நீ வேலைக்குப் போய்ட்டா யாரு பாப்பாங்க?” அமிர்தம் விடுவதாக இல்லை.

“சிப்காட் கம்பெனில வேலைம்மா. ஷிப்ட் மாறி மாறி வரும். நான் இல்லாதப்ப அம்மா பாத்துக்கும்.”

அமிர்தம் தில்லையம்மாள் பக்கம் திரும்பினாள். “ஒங்களுக்கு இதெல்லாம் புடிக்குமாக்கா?”

“மொதல்ல புடிக்கல. வேல ஜாஸ்தியாவுமேன்னு சண்ட போட்டேன். இப்ப அதுங்ககிட்ட நாலு வார்த்த பேசாம எனக்குப் பொழுது போவறதில்ல.”

“வாயில்லாத ஜீவன்க்கா. வலிச்சாலும் சொல்லாது, பசிச்சாலும் கேக்காது. நாமதான் மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சிக்கணும். புது எடத்துல கொஞ்ச நாளு மெரண்டு போய்த்தான் கெடக்கும். அதுக்காக வெரட்டக் கூடாது.”

“அய்ய, நான் ஏன் வெரட்டறேன்!”

அமிர்தம் தலையாட்டினாள். பிறகு அறிவழகனையே பார்த்துக் கேட்டாள். “முன்ன இருந்தது எப்பிடி செத்துச்சி?”

“அதுக்கு வயசாயிடுச்சிம்மா” என்று தில்லையம்மாள் முந்திக்கொண்டாள்.

“இல்லம்மா” என்றான் அறிவழகன்.

தில்லையம்மாள் அவன் கையைக் கிள்ளினாள். அவன் நிறுத்தவில்லை.

“நாய் இழுத்துப் போட்டுடுச்சி. ஷிப்டுக்கு நேரமாச்சின்னு ஓடுனேன், கொக்கிய சரியா மாட்டல. என் மேலதான் தப்பு. இப்ப ரெண்டு கொக்கி போட்டிருக்கேன். ஆனா நடந்தது நடந்ததுதான்.”

காரியம் கெட்டது என்று தில்லையம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவன் மட்டும் கூண்டுக் கதவை இழுத்து இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

“இங்க கடல் காத்து. கம்பி சீக்கிரமே துருப்புடிக்கும். வாரா வாரம் பாப்பியா?”

“தெனமும் பாக்கறேன்மா.”

அமிர்தம் இரண்டு கொக்கிகளையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு கூடையைக் கீழே இறக்கினாள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு முயல் காதை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“இதுவும் பொட்டதான். எடுத்த எடுப்புல ஒண்ணா வுட்டுடாத, கடிச்சிக்கும். நடுவுல வலை வெச்சி, பத்து பாஞ்சு நாளு ஒண்ண ஒண்ணு பாத்துப் பழவட்டும். அப்புறம் சேத்து வுடு.”

அறிவழகன் முயலை இரண்டு கையாலும் அடியில் தாங்கி எடுத்தான். சந்தோஷத்தில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“இப்ப ஒரு சொம்பு மோரு குடுங்கக்கா” என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் அமிர்தம் கிளம்பினாள்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் செல்போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, முயல வுட்டுட்டு வந்துட்டேன். தரகரு கலியமூர்த்தி சொன்ன எடம் நல்ல எடந்தாங்க. ஞாயித்துக்கிழம நம்ம வினோதினியப் பொண்ணு பாக்க அவுங்கள வரச் சொல்லிடுங்க.”