கையெழுத்துக்கு முன்னால்

அரசுத் துறையின் இணையதளத்தை உருவாக்கியவனுக்குத் துறை அலுவலகத்துக்கு வந்ததுமே சந்தேகம். இன்று துறை இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் தளம் திறக்கும். கண்ணாடி அறைக்குள் ஒருவர் மானிட்டரை அணைத்துவிட்டு, தளத்தை வாசித்துச் சொல்லும் குரலை இயர்போனில் கேட்டபடி அரை மணி நேரமாக விசைகளைத் தட்டி வியர்த்துக்கொண்டிருந்தார்.

“பார்வையில்லாதவங்க பயன்படுத்த முடியுதான்னு சோதிக்க வந்த நிபுணராம். ஒரு விண்ணப்பம் அனுப்பத் தெரியல! ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல்னு என் தளத்துமேல பழி போடத்தான் இழுத்தடிக்கிறார், மேடம்” என்று பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் கிசுகிசுத்தான்.

“நிபுணர் நான்தான் தம்பி.”

“அப்ப அவரு?”

“இயக்குநர். பார்க்க அழகா இருக்கு, கையெழுத்துப் போட்டுடலாம்னார். திரையை அணைச்சுட்டு ஒரு விண்ணப்பம் அனுப்பிட்டுப் போடுங்கன்னேன்.”

அறைக் கதவு படாரென்று திறந்தது.

“இதைச் செஞ்சவன் எவன்யா?”