விசாரிக்க வந்தவர்

"மாப்ளே... நீங்களா? நீங்க எங்க இங்க?"

குரலைக் கேட்டதும் மணிமாறனுக்குத் திருடனைத் தேள் கொட்டியது போல ஆயிற்று. விழுப்புரம் ஆஸ்பத்திரி வராண்டாவில் அவன் எதிரே நின்றவர் அப்பாதுரை. கலைமதியின் அப்பா. வரும் ஞாயிற்றுக்கிழமை மயிலத்தில் அவனுக்கும் கலைமதிக்கும் நிச்சயதார்த்தம்.

"சர்க்கரை பாக்க வந்தேன் மாமா."

"இந்த வயசுலயா?"

மணிமாறனின் தலைக்கு மேலே, 'நம்பிக்கை மையம், ஹெச்.ஐ.வி. பரிசோதனை இலவசம்' என்று முழ நீளத்துக்கு போர்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் முடியுமா?

"நீங்க எங்க மாமா இவ்ளோ தூரம்?"

"நானா... ஒருத்தரப் பாக்கணும். சும்மாதான்." அப்பாதுரை துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

அந்த ஒருத்தர் யார் என்பது மணிமாறனுக்குப் புரிந்துவிட்டது. பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது ஊர் வழக்கம்தான். ஆனால் இவருடையது சி.ஐ.டி. விசாரணை. திண்டிவனத்தில் அவனுடைய செல்போன் கடைக்கு எதிரில் இருக்கும் டீக்கடை, சலூன், பஞ்சர் கடை எதையும் விடவில்லை. முகச் சவரம் செய்துகொண்டே விசாரித்தார் என்று சலூன்காரரே சொல்லிச் சிரித்தார். இப்போது பஸ் ஏறிப் பின்னாலேயே வந்துவிட்டார் போலிருக்கிறது. தெரிந்தவர்கள் யாரும் பார்க்கக் கூடாது என்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி வந்த தன் புத்திசாலித்தனத்தை மணிமாறன் நொந்துகொண்டான்.

இனி மறைத்துப் பயனில்லை.

"மாமா, பொய் சொல்லிட்டேன். ஹெச்.ஐ.வி. டெஸ்ட்டுக்குத்தான் வந்தேன்."

அப்பாதுரை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க கிரிக்கெட் டீமுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு மாமா. போன மாசம் அலெக்ஸ்னு என் ஃபிரண்டு அதுல ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான். 'எனக்கு ஹெச்.ஐ.வி. இருக்குடா. மாத்திரை சாப்புட்றேன், நல்லாத்தான் இருக்கேன். எப்படி வந்துச்சுன்னு யாரும் கேக்காதீங்க. நீங்க எப்ப டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கப் போறீங்க, அத மட்டும் சொல்லுங்க'ன்னான்."

"அப்புறம்?"

"மூணு நாள் குரூப்புல ஒரு குட் மார்னிங் கூட இல்ல. நாலாவது நாள் விக்கெட் கீப்பர் டெஸ்ட் எடுத்துட்டு வந்து, 'எடுத்தாச்சு, அடுத்தது யாரு?'ன்னு போட்டான். அப்படியே ஒருத்தர் பேர ஒருத்தர் போட்டு எல்லாரும் எடுத்துட்டாங்க. நான்தான் கடைசி. நிச்சயத்துக்கு முன்னாடி எடுத்துடணும்னு வந்தேன். கலைமதிக்கு நான் செய்யவேண்டிய நியாயம் இல்லியா மாமா?"

அப்பாதுரை குரலைத் தாழ்த்தினார். "அந்த அலெக்ஸு... அவன்கூட இன்னும் பேசிக்கினுதான் இருக்கீங்களா?"

"தெனம் ஒண்ணாத்தான் வெளையாட்றோம்."

"வீட்டுக்கெல்லாம் வருவானா?"

"வருவான். எங்கம்மா கேப்பைக் களி கிண்டினா மொதல் ஆளா உக்காந்துடுவான்."

"தட்டு தனியா?"

மணிமாறனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கூடவே கலைமதியின் முகமும் ஞாபகம் வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டான்.

"ஒரே தட்டுதான் மாமா. சேந்து சாப்டா அது ஒட்டாது. ஞாயித்துக்கெழம அவன்தான் என் பக்கத்துல நிப்பான். கலைமதியை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. அவ இல்லன்னா பேஜாராத்தான் இருக்கும். அதுக்காக அவனை வராதன்னு சொல்ல என்னால முடியாது. உங்களுக்குப் புடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க."

அப்பாதுரை வாயைத் திறப்பதற்குள் ஆலோசகர் ஜெசிந்தா எட்டிப் பார்த்து, "அடுத்த நம்பர் வாங்க" என்றார். மணிமாறன் எழுந்து உள்ளே போனான்.

ரத்தம் கொடுத்து, ஜெசிந்தா சொன்னதையெல்லாம் கேட்டு, முடிவு தெரிந்து வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. நேரம் பார்த்துக் கிளம்பியிருப்பார், கலைமதிக்கும் போன் போட்டுச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே வந்தான். அப்பாதுரை அதே பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"இல்லன்னு சொல்லிட்டாங்க மாமா."

"இருந்திருந்தா?"

"மாத்திரை சாப்டுக்கினு நல்லா இருந்திருப்பேன். கலைமதிகிட்ட சொல்லியிருப்பேன். அப்புறம் அவ இஷ்டம்."

அப்பாதுரை சட்டென்று எழுந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. முகமோ அப்படிச் சிரித்தது.

"அந்த அலெக்ஸ ஞாயித்துக்கெழம மொத பந்தியில என் பக்கத்துல உக்கார வைக்கணும் மாப்ளே. மறந்துடாதீங்க!"

மணிமாறனுக்குத் தலைகால் புரியவில்லை. அவனுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப விசாரிச்சதெல்லாம் முடிஞ்சுதா மாமா? எம் பின்னாடியே பஸ் ஏறி வந்துட்டீங்களே!"

"நானா உங்க பின்னாடி வந்தேன்? பன்னெண்டு வருஷமா மாசா மாசம் இதோ பக்கத்து ரூம்ல இந்த நோவுக்கு மாத்திரை வாங்கினு போறவன் மாப்ளே நான்... காலைல உங்கள இங்க பாத்ததும், பொண்ணோட அப்பனப் பத்தி விசாரிக்க வந்துட்டீங்கன்னு இல்ல நடுங்கிப் போயிட்டேன்!"